ரெகுலர் காலேஜா, வேலைக்குப் போய்க்கினே கரஸ்ஸா?

அண்ணன் பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான். "சித்தப்பா, காலேஜ் சேரட்டுமா, இல்ல ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போய்க்கினே கரஸ்ல, அதான் தபால் வழியில, டிகிரி போடட்டுமா?"ன்னு கேக்குறான். நான் அணைக்கட்டுல இருந்து டெய்லி பஸ் புடிச்சி வேலூர் ஓட்டேரி முத்துரங்கம் காலேஜ்ல பி.ஏ. ஹிஸ்டரி படிச்சவன். எங்கூட பிளஸ் டூ படிச்ச ஃப்ரெண்டு ரிசல்ட் வந்த மாசமே ஷூ கம்பெனி போய்ட்டான், அப்புறமா கரஸ்ல பி.காம் முடிச்சான். நான் காலேஜ் கட்சி, முன்னாடியே சொல்லிடுறேன்.

துட்டுன்னு பாத்தா பேச்சே இல்ல, கம்பெனிதான். மூணு வருஷத்துல அவன் பைக் வாங்கிட்டான், நான் பஸ் பாஸ வெச்சிகினு சுத்துனேன். சர்ட்டிபிகேட்லயும் பெருசா வித்தியாசம் இல்ல, யுஜிசி அங்கீகாரம் இருக்குற கரஸ் டிகிரின்னா குரூப் 2 எழுதலாம்.

அப்ப ஆளு வளர்றதுல இன்னா வித்தியாசம்? எனக்குத் தெரிஞ்சி ஒண்ணுதான், தப்பு பண்ண எடம் இருக்குதா இல்லியா. ஃப்ரெண்டு கட்டிங் செக்ஷன்ல இருந்தான். தோல வெட்டுற அச்சு, அதான் டை, வெக்கும்போது தோல்ல இருக்குற தழும்ப கவனிக்கலன்னா அந்த பீஸ் ரிஜெக்ட்டு, எல்லார் முன்னாடியும் திட்டு. அதனால தெரிஞ்ச வேலைய விட்டு வேற எதையும் தொடவே பயப்படுவான்.

எனக்கு செகண்ட் இயர்ல செமினார், 1806 வேலூர் புரட்சி. கை நடுக்கத்துல பேப்பர் சடசடங்குது. புதுத் தலப்பாகை போடணும், கடுக்கன் போடக்கூடாது, நெத்தியில குறி வெக்கக்கூடாதுன்னு ஆர்டர் வந்துச்சி, அதான் ஜூலை 10 விடியக்காலைல சிப்பாய்ங்க கெளம்புனாங்கன்னு ஒப்பிச்சேன். வாணியம்பாடி பையன் ஒருத்தன் "ஒரு தலப்பாகைக்கா இவ்ளோ?"ன்னு கேட்டான், நான் திருதிருன்னு முழிச்சேன், கிளாஸே சிரிச்சிது. சாயங்காலம் அவனே கோட்டைக்குக் கூட்டிகினு போனான், அகழி ஓரமா உக்காந்து, திப்பு குடும்பத்த இங்கதான வெச்சிருந்தாங்க, அதுவும் ஒரு காரணம்னு நானு, இல்ல மதம் மாத்திடுவாங்கங்கற பயந்தான்னு அவனு, இருட்டுற வரைக்கும் சண்ட. அடுத்த வாரம் அதே தலைப்ப பேப்பர் இல்லாம பேசுனேன். ஒரு பைசா நஷ்டம் இல்ல. இன்னிக்கி ஆபீஸ்ல "புரியல சார், திரும்ப சொல்லுங்க"ன்னு கூசாம கேக்குறேன்னா அது அங்க வந்ததுதான்.

இன்னொண்ணு, ஜவ்வாது மலை பையன் ஒருத்தன் டப்பால சாமை சோறு கொண்டாருவான். நான் எங்க தெருவ தாண்டாமலே இருந்திருந்தா அவன் வீட்டு வாசல்ல உக்காந்து சாப்ட்டிருக்கவே மாட்டேன்.

காலேஜ் போனவன்லாம் வளந்துட்டானான்னா இல்ல, மூணு வருஷம் கேன்டீன்லயே கழிச்சவனும் உண்டு. துட்ட கையாள்ற வெவரத்துல இன்னிக்கும் ஃப்ரெண்டுதான் எனக்கு வாத்தியார். பொண்ணுங்களுக்கு எப்படின்னு தங்கச்சிய கேட்டேன், வீட்ட விட்டு தனியா பஸ் ஏறுனதே எனக்குப் பாதி படிப்புன்னா.

அண்ணன் வீட்ல கடன் இருக்குது, அத மறைக்க முடியாது. அதனால காலேஜ்ல காலை ஷிப்ட்ல சேரு, மதியத்துக்கு மேல ஃப்ரெண்டோட செருப்புக் கடைல பில் போடுன்னு சொல்லிருக்கேன், ஃப்ரெண்டும் சரின்ட்டான். பையன்தான் "அப்ப பைக் எப்ப சித்தப்பா?"ங்கறான்.