தோப்பில் ஒரு கேமரா, வீட்டில் அதன் பதிவு: டிபி-லிங்க் சிபிஇ510 ஓர் மதிப்பீடு

வீட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு கேமராவை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்க விரும்புகிறவர், எந்தக் கேமரா வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், இடையிலுள்ள தூரத்தை எதைக்கொண்டு கடப்பது என்று முடிவு செய்ய வேண்டும். சாதாரண ஈதர்நெட் கேபிளின் எல்லை 100 மீட்டர். வீட்டு ரௌட்டரின் வைஃபையோ மதிலைத் தாண்டியதுமே தளர்ந்துவிடும். பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம் உள்ள என் சித்தப்பாவின் மாந்தோப்பில் மோட்டார் கேபிளை யாரோ வெட்டிக்கொண்டு போன பிறகு, பம்ப்செட் அறைக்கும் வீட்டு மாடிக்கும் இடையே டிபி-லிங்க் சிபிஇ510 கருவிகள் இரண்டைப் பொருத்தினோம்; நெட்வொர்க்கைக் கம்பியின்றி ரேடியோ அலையாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும் வெளிப்புறக் கருவி இது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அவை இயங்கியதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் விசாரித்தால் முதலில் எடுத்துக் காட்டுவது சிம் கார்டு போடும் 4ஜி கேமராவைத்தான். 1080பி படத்தை எச்.265 என்ற சுருக்க முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் அனுப்பினால் மணிக்கு 900 மெகாபைட், நாளொன்றுக்கு 21 ஜிபிக்கு மேல் செலவாகும். தினமும் 2 ஜிபி தரும் சிம் இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அதனால்தான் அவ்வகைக் கேமராக்கள் பெரும்பாலும் தமக்குள் இருக்கும் மெமரி கார்டிலேயே பதிவு செய்கின்றன. திருட வந்தவன் கேமராவையும் கழற்றிக்கொண்டு போனால் சாட்சியும் அவனோடு போய்விடுகிறது. பதிவு வீட்டுக்குள் இருக்கும் என்.வி.ஆரில் (கேமரா படங்களைப் பதிந்து வைக்கும் பெட்டி) சேர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ரேடியோ இணைப்பை நாங்கள் தேர்ந்தெடுத்தோம்.

சிபிஇ510 ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. 13 டிபிஐ (அலையை ஒரு திசையில் குவிக்கும் திறனின் அளவு) ஆன்டெனா உள்ளேயே பொதிந்திருக்கிறது. கிடைமட்டத்தில் அதன் வீச்சு 45 பாகை அளவுக்கு விரிவதால், இவ்வளவு குறுகிய தூரத்துக்கு மயிரிழை பிசகாமல் குறிபார்க்கத் தேவையில்லை. பின்புறத்துச் சிக்னல் விளக்குகளைப் பார்த்தபடி மெல்லத் திருப்பினாலே போதும். அமைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டு கருவிகளும் 192.168.0.254 என்ற ஒரே நெட்வொர்க் முகவரியோடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. ஆகவே ஒன்றை மட்டும் மடிக்கணினியோடு இணைத்து முகவரியை மாற்றிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். வீட்டுப் பக்கக் கருவி ஆக்சஸ் பாயின்ட் (இணைப்பைத் தருவது), தோப்புப் பக்கக் கருவி கிளையன்ட் (அதில் சேர்வது), இணைப்பு எடுத்துக்கொள்ளும் சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஒரு கேமராவுக்கு இதுவே தாராளம். 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை 2018 முதல் இந்தியாவில் உரிமம் இன்றியே பயன்படுத்தலாம் என்பதால் அந்தப் பகுதியிலேயே சேனலைத் தேர்ந்தெடுத்தோம்.

மரங்கள்தான் இதற்கு எதிரி. எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அலை சற்று விரிந்தே செல்வதால், 200 மீட்டர் தூரத்தில், பாதையின் நடுவில், நேர்கோட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான ஆரத்துக்கு இடம் வெறுமையாக இருக்க வேண்டும். மழையில் நனைந்த மாவிலைக் கொத்து, காய்ந்திருப்பதைவிட அதிகமாக அலையை விழுங்கும். கோடையில் நன்றாக இருந்த இணைப்பு ஜூலையில் தடுமாறாமல் இருக்க வேண்டுமானால் கம்பத்தை முதலிலேயே உயரமாக நட்டுவிடுவது நல்லது.

ரேடியோவைவிட எங்களை அதிகம் யோசிக்க வைத்தது மின்சாரம். பாசன மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் நாள் முழுவதும் வருவதில்லை என்பது கர்நாடகத்தில் தோப்பு வைத்திருக்கும் எல்லோரும் அறிந்ததுதான்; திருடனுக்கும் அது தெரியும். ரேடியோவும் கேமராவும் சேர்ந்து 12 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 288 வாட்-மணி வேண்டும். வெயில் நாளில் 100 வாட் சோலார் தகடு அதை ஈடுகட்டிவிடும். மேகம் மூடிய வாரத்துக்கு பேட்டரிதான் துணை என்பதால் அதில் கஞ்சத்தனம் கூடாது. பேட்டரி 12 வோல்ட், சிபிஇ510 கேட்பதோ 24 வோல்ட். நடுவே மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு டிசி கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். அந்த 24 வோல்ட் பேஸிவ் பிஓஇ வகையைச் சேர்ந்தது; பிஓஇ என்பது ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் முறை. பொதுத் தரத்தின்படி அமைந்த 48 வோல்ட் பிஓஇயில் இயங்கும் கேமராவுக்கு அது ஒத்துவராது. எனவே தனி 12 வோல்ட் முனை உள்ள கேமராவை வாங்குவதே வசதி. வாங்கும்போது எஸ்டிக்யூசி (மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பு) சான்றிதழ் உண்டா என்றும் கேட்கலாம், 2025 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

ஈதர்நெட் வாய் 100 மெகாபிட் மட்டுமே என்று குறை சொல்வோர் உண்டு. ஒன்றிரண்டு கேமராக்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தோப்பு வீட்டுக்கு அதிவேக இணையமும் கொண்டுபோக நினைப்பவர்தான் வேறு கருவி தேட வேண்டும். ஏப்ரல், மே மாத இடிமழையை எண்ணி, கருவியின் பூமி முனையையும் இரும்புக் கம்பத்தையும் தரையில் புதைத்த செம்புக் கம்பியோடு இணைப்பதையும் விட்டுவிடக் கூடாது. தூரம் 100 மீட்டருக்குள் இருந்து, குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டவும் வழியிருந்தால், இதை வாங்காமல் வெளிப்புறத்துக்கான கேட்6 ஈதர்நெட் கேபிளைப் புதைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.