பாக் விரிகுடாவைத் திட்டமிட இந்த வரைபடம் போதுமா? குளோபல் ஃபிஷிங் வாட்ச் – ஒரு மதிப்பீடு

கப்பல், மீன்பிடிக் கலங்களின் நடமாட்டம் காட்டும் குளோபல் ஃபிஷிங் வாட்ச் இணைய வரைபடத்தைத் திறந்து, பாம்பனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட கடலைப் பெரிதாக்கிப் பாருங்கள். மீன்பிடி நேரம் காட்டும் அடுக்கில் (layer) அந்தக் கடல் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் ஒரே நாளில் இறங்கும் கடல் அது. கடல் பரப்பை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடும் திட்டங்களில் இந்த வரைபடத்தை ஆதாரமாக வைப்பவர்கள் கூடிவருவதால், அந்த வெறுமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இலவசச் சேவை இது. இதன் முதன்மை அடுக்கு, கப்பலின் அடையாளத்தையும் இடத்தையும் தானாக அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியின் சிக்னலை நம்பியது. பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அந்தக் கருவி கட்டாயம். ராமேஸ்வரம் விசைப்படகு அந்தக் கணக்கில் வராது. மீனவர்களுக்கு அரசு இலவசமாகப் பொருத்தித் தரும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டரும் (படகின் இடத்தை அறிவிக்கும் கருவி) இந்த வரைபடத்துக்குத் தகவல் தராது. அது வேறு செயற்கைக்கோள் வழி. ஆகவே இந்த அடுக்கில் தெரிவது கருவி உள்ள கப்பல் மட்டுமே.

அந்த எல்லைக்குள் வேலை தரமானது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கு வந்துபோகும் சரக்குக் கப்பல்களின் தடம் தெளிவாக விழுகிறது. தமிழகக் கடலில் 500 மெகாவாட் காற்றாலை திட்டம் பேசப்படும் நிலையில், காற்றாலைத் தூண்களுக்கும் கப்பல் வழிக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பார்க்க இதைவிட எளிய இலவசக் கருவி இல்லை. மீன்பிடி அடுக்கை அணைத்துவிட்டு, கப்பல் நடமாட்ட அடுக்கை மட்டும் போட்டுப் பாருங்கள்.

விசைப்படகைப் பார்க்க வேண்டுமென்றால் சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ரேடார் அடுக்குக்குப் போக வேண்டும். கருவி இல்லாத கலமும் இதில் புள்ளியாகத் தெரியும், மேகமும் மறைக்காது. தவறு நடப்பதும் இங்கேதான். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள் இறங்கும்; மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. ஒரு செயற்கைக்கோள் ஒரே தடத்தில் 12 நாளுக்கு ஒருமுறைதான் திரும்பும். இன்று ஞாயிறு என்றால் அடுத்த படம் வெள்ளி, அதற்கடுத்தது புதன். மறுபடி ஞாயிறு வர 84 நாள் ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தைக் கழித்தால், ஒரு தடத்தில் ஒரு கிழமைக்கு வருடத்தில் கிடைப்பது மூன்று நான்கு படம்தான். கிழமை பார்க்காமல் மாதச் சராசரி எடுத்தால், அது படகின் கணக்காக இருக்காது, செயற்கைக்கோள் வந்த நாளின் கணக்காக இருக்கும்.

செய்ய வேண்டியது இது. தேதி தேர்ந்தெடுக்கும் காலப்பட்டையை ஒரு நாளாகக் குறுக்குங்கள். படம் உள்ள தேதிகளை மட்டும் குறித்து, கிழமைவாரியாகப் பிரியுங்கள். சனி காலை இறங்கிய படகு ஞாயிறு காலைதான் கரை சேரும். எனவே விடியற்காலைப் படமென்றால் ஞாயிறு, செவ்வாய், வியாழன்தான் விசைப்படகு நாள். பிறகு அந்தப் படகுகள் இறங்கிய முந்தைய நாளில், கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுத்த டோக்கன் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். டோக்கன் 400, புள்ளி 150 என்றால் ரேடார் எவ்வளவு தவறவிடுகிறது என்பது கைக்கு வந்துவிடும். மரத்தையும் ஃபைபரையும் ரேடார் இரும்பைப் போலப் பிடிப்பதில்லை.

நாட்டுப்படகு நாளில் என்ன தெரியும்? அநேகமாக ஒன்றும் தெரியாது. எட்டுப் பத்து மீட்டர் ஃபைபர் வள்ளம் இந்த ரேடாருக்கு மிகச் சிறியது. அதாவது விசைப்படகுக்குச் சாட்சி உண்டு, நாட்டுப்படகுக்கு இல்லை. விசைப்படகின் இழுவைமடியால் வலை அறுபடும் இலங்கை வடமாகாண மீனவரின் சிறு வள்ளங்களுக்கும் இதே கதிதான். இந்தப் படத்தை மட்டும் மேசையில் விரித்துப் பங்கீடு பேசினால், கடலில் அதிகம் பேர் பிழைக்கும் தொழில் கணக்கிலேயே வராது. இந்தச் சேவையில் பெரிய குறை இதுதான். பயனர் கையேட்டின் மூலையில் கிடக்க வேண்டிய செய்தி அல்ல.

இரவு வெளிச்சத்தைப் பிடிக்கும் அடுக்கு இங்கே துணைக்கு மட்டும். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியை ஒட்டி எடுக்கும் படம் அது. ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் பாதி இரவுகள் வீண். பௌர்ணமியை ஒட்டிய நாள்களைச் சேர்க்காதீர்கள்.

எல்லைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் உள்ள நாட்டு எல்லைக்கோடு காட்சிக்கானது. 1974, 1976 இந்திய-இலங்கை கடல் எல்லை ஒப்பந்தங்களில் உள்ள புள்ளிகளை நீங்களே கே.எம்.எல். அல்லது ஷேப் என்ற வரைபடக் கோப்பாக ஏற்றிப் பயன்படுத்துங்கள். இலவசக் கணக்கு தொடங்கினால் போதும். விசைப்படகுக்குத் தடையுள்ள கரையோரப் பட்டையையும் அப்படியே ஏற்றலாம். ஆனால் வரைபடத்தில் ஒரு கட்டம் சுமார் ஒரு கிலோமீட்டர். மூன்று கடல் மைல் பட்டை என்றால் ஐந்தரை கிலோமீட்டர், ஆக மொத்தம் ஏறக்குறைய ஐந்து கட்டம். ஓரத்துக் கட்டத்தை வைத்து எவர் மீதும் அத்துமீறல் குற்றம் சொல்ல முடியாது.

பட்டியலைத் தரவிறக்கும் வசதி நன்றாக இருக்கிறது, சி.எஸ்.வி. கோப்பு எக்செலில் நேராகத் திறக்கும். தமிழில் இடைமுகம் இல்லை. மீனவர் சங்கக் கூட்டத்தில் காட்டுவதென்றால் படத்தை அச்சிட்டு, ஊர்ப் பெயர்களையும் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகள்) பெயர்களையும் கையால் எழுதித்தான் கொண்டுபோக வேண்டும்.

கப்பல் வழி, துறைமுகம், காற்றாலை பற்றிய கேள்விக்கு இதைத் தயங்காமல் எடுக்கலாம். கரையோரப் பங்கீட்டுக்கு எடுக்காதீர்கள். மண்டபம் பக்கம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் கடற்பாசி வளர்க்கிறார்கள். தீவோரத்தில் பெண்கள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். நண்டுவலை இரவெல்லாம் தண்ணீரில் கிடக்கிறது. இவை எந்த அடுக்கிலும் இல்லை. இதற்கு ஜி.பி.எஸ். கருவியோடு வள்ளத்தில் ஏறி, மிதவையின் நான்கு மூலையையும் வலையின் இரு முனையையும் குறித்து, அந்தக் கோப்பையும் இதே வரைபடத்தில் தனி அடுக்காக ஏற்ற வேண்டும். ஒரு ஊருக்கு ஒரு பருவத்தில் ஒரு சுற்று, மீன்பிடித் தடை முடிந்ததும் இன்னொரு சுற்று.