ஃபைபரா, டவரா, சாட்டிலைட்டா: அரசு விண்ணப்பம் எதில் முடியும்?

இணையம் எட்டாத பகுதிக்கு எப்படி இணைப்பு கொடுப்பது என்ற பேச்சு வந்தால் டவுன்லோடு வேகம் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்கூட 2024-ல் பிராட்பேண்டின் வரையறையை டவுன்லோடுக்கு 100, அப்லோடுக்கு 20 எம்பிபிஎஸ் என்று உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் அரசு சேவைகள் ஒவ்வொன்றாக ஆன்லைனுக்குப் போகும் காலத்தில் என் கேள்வி வேறு. ஒருவர் ஓய்வூதிய விண்ணப்பத்தைத் திறந்து, சான்றிதழ்களை ஏற்றி, ஓடிபி போட்டு, ஒப்புகை எண்ணை வாங்கும்வரை அந்த இணைப்பு தாங்குமா?

மொபைல் இணையத்தின் பலம் தெரிந்ததுதான். ஒரு டவர் போட்டால் பல கிலோமீட்டருக்கு சிக்னல் போகும், பள்ளம் தோண்ட வேண்டாம், போன் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதைக் காட்டி ‘இணைப்பு கொடுத்தாயிற்று’ என்று கணக்கை முடித்துவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. டவரிலிருந்து தள்ளி இருப்பவருக்கு அப்லோடு வேகம் அரை எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்குவது சாதாரணம். போனில் எடுத்த 4 எம்பி படம் ஒன்றை அந்த வேகத்தில் ஏற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். நான்கு சான்றுகள் கேட்டால், நடுவில் ஒரு தடவை சிக்னல் போனால், பல தளங்களில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் ‘கோப்பு 200 கேபிக்குள் இருக்க வேண்டும்’ என்று சிவப்பில் ஒரு வரி வரும். படத்தைச் சுருக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டியதுதான். இத்தனைக்கும் செலவான டேட்டா அவர் காசு.

சாட்டிலைட்டைப் பொறுத்தவரை பழையதையும் புதியதையும் ஒன்றாகப் பேசக்கூடாது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக ஒரு கேள்வி போய்ப் பதில் வரவே அரை நொடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் தாமதம் மில்லிநொடிக் கணக்கில் இரண்டு இலக்கத்துக்கு வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு இதைவிட நல்ல வழி இன்று இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் டிஷ்ஷுக்கு மரம் மறைக்காத வானமும் நிற்காத மின்சாரமும் வேண்டும். ஒரே பரப்பில் பயனர்கள் கூடக்கூட வேகம் குறையும். இன்னொரு சிக்கலை யாரும் அதிகம் பேசுவதில்லை. வீட்டில் இணையம் வேகமாக ஓடும், ஆனால் ஊரில் டவர் இல்லாததால் எஸ்எம்எஸ்ஸில் வரவேண்டிய ஓடிபி வராது. கடைசிப் பக்கத்தில் வேலை நின்றுபோகும். இது அரசுத் தளம் சரிசெய்ய வேண்டிய குறை. மின்னஞ்சலிலோ ஆப்பிலோ சரிபார்க்கும் வழி வைத்தால் போதும்.

தரத்தில் ஃபைபருக்கு, அதாவது கண்ணாடி இழைக் கேபிளுக்கு, போட்டியே கிடையாது. அப்லோடையும் டவுன்லோடையும் ஒரே வேகத்தில் கொடுக்க முடியும், வருங்காலத்தில் கருவியை மட்டும் மாற்றி வேகத்தைக் கூட்டலாம். பெருஞ்செலவு கேபிளில் இல்லை, குழி தோண்டுவதிலும் அனுமதி வாங்குவதிலும்தான். அதையும் மக்களால் குறைக்க முடியும் என்று இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்கள் காட்டின. அங்கே 2011-ல் தொடங்கிய பி4ஆர்என் என்ற சமூக நிறுவனத்துக்கு நிலக்காரர்கள் காசு வாங்காமல் வழிவிட்டார்கள், ஊர்க்காரர்களே குழி தோண்டினார்கள். வீட்டுக்கு வீடு 1 ஜிபிபிஎஸ் வந்தது.

எல்லா ஊரிலும் அப்படித் திரள ஆள் இருக்க மாட்டார்கள். அங்கெல்லாம் ஃபைபரை நூலகம், பள்ளி, சுகாதார நிலையம் போன்ற ஒரு பொதுக் கட்டடம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து வயர்லெஸ்ஸில் சுற்றிக் கொடுப்பதைத்தான் நான் முதலில் தேர்ந்தெடுப்பேன். அந்தக் கட்டடத்தில் ஒரு ஸ்கேனரும், பொறுமையாக உதவும் ஒரு பணியாளரும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தரங்கம் கெடும் என்ற குறை இதில் உண்மையானது. வருமானத்தையும் நோயையும் பக்கத்து இருக்கைக்காரர் காதில் விழச் சொல்ல யாருக்கும் மனம் வராது. தடுப்பு வைத்த ஒரு மேசையாவது வேண்டும்.

எதைப் போட்டாலும் மாதக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் பயனில்லை. அமெரிக்காவில் ஏசிபி திட்டம் 2.3 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மாதம் 30 டாலர் வரை கட்டணச் சலுகை கொடுத்தது. நிதி தீர்ந்து 2024 ஜூனில் நின்றது. கேபிள் அப்படியே இருந்தும், சலுகையை நம்பி இணைப்பு எடுத்தவர்கள்தான் தவித்தார்கள்.

விண்ணப்பத்தின் நிலை என்ன, பணம் வந்ததா என்பது போன்ற சின்ன விசாரணைக்கு பிராட்பேண்டே தேவையில்லை. டேட்டா இல்லாத சாதாரண போனில்கூட யுஎஸ்எஸ்டி ஓடும்; நட்சத்திரக் குறியோடு ஒரு எண்ணை அழுத்தினால் பதில் திரையில் வரும் முறை அது. ஒரு திரையில் 182 ஆங்கில எழுத்துதான் அடங்கும் என்றாலும் இதற்கு அது தாராளம்.

ஃபைபர் வந்துவிட்டது என்று அரசு அலுவலகக் கவுன்ட்டரை மூடுவதுதான் நான் கடுமையாக எதிர்க்கும் ஒன்று. டென்மார்க் 2014-ல் அரசுக் கடிதங்களை டிஜிட்டல் அஞ்சலில் பெறுவதைக் கட்டாயமாக்கியபோதும், முடியாதவர்கள் விலக்கு பெற்றுக் காகிதக் கடிதத்தையே வாங்கிக்கொள்ள இடம் வைத்தது. இணைப்பே அரைகுறையாக இருக்கும் பகுதிகளில் கவுன்ட்டரைத் திறந்துவைப்பது இன்னும் அவசியம்.