கைப்பேசியில் ஓர் உணவுக் கணக்குப்பிள்ளை

அன்றாடம் உண்பதைப் பதிவு செய்தால் கலோரி, புரதம், சோடியம் எனப் பிரித்துக் கணக்குக் காட்டும் செயலிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றை, இலவசப் பிரிவு, கட்டணப் பிரிவு இரண்டிலும் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்பீடு இது. குறைகளில் பெரும்பாலானவை இவ்வகைச் செயலிகளுக்குப் பொதுவானவை என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பொட்டல உணவைப் பதிவு செய்வது எளிது. பார்கோடைக் காட்டினால் போதும். வீட்டுச் சமையலில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. நூறு கிராம் பருப்பு என்று தேடினால் ஒரு பதிவு ஏறத்தாழ 350 கலோரி என்றும், அதற்கு அடுத்தது 115 என்றும் காட்டுகின்றன. முன்னது காய்ந்த பருப்பு, பின்னது நீரை உறிஞ்சி வெந்த பருப்பு, இரண்டும் சரியே. ஆனால் பயனர்களே சேர்த்த பதிவுகளில் அந்தக் குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், விவரம் தெரியாதவர் ஒரே தட்டுக்கு மும்மடங்கு கணக்கு எழுதிவிடக்கூடும். தாளிக்கவும் வதக்கவும் ஊற்றும் எண்ணெயைப் பற்றிச் செயலி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது என்பதால் இது சிறிய விடுதல் அன்று.

நாளின் முடிவில் '1,847' என்று ஒற்றை இலக்கம் வரை துல்லியமாகத் தெரியும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற சராசரி மதிப்புகளைப் பெருக்கித்தான் லேபிள்களில் கலோரி பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. முழு பாதாம் போன்ற கொட்டைகளில் கொழுப்பின் ஒரு பகுதி செல் சுவர்களுக்குள்ளேயே சிக்கிச் செரிக்காமல் வெளியேறுவதால், உடலுக்குக் கிடைப்பது லேபிளில் உள்ளதைவிடக் குறைவு. அன்றாட இலக்கும் வயது, உயரம், எடை, பாலினம் ஆகியவற்றைச் சூத்திரத்தில் இட்டுப் பெற்ற மதிப்பீடே. ஒரு வாரச் சராசரியைப் பார்ப்பதில் பொருள் உண்டு. ஐம்பது கலோரி கூடிவிட்டதே என்று இரவில் கவலைப்படுவதில் இல்லை.

செயலியின் சிறந்த பகுதி சோடியம் பக்கம். பெரியவர்கள் ஒரு நாளில் 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது சுமார் 5 கிராம் உப்புக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. லேபிளில் உள்ள சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும் என்ற கணக்கைச் செயலியே போட்டு, எந்தப் பொருளிலிருந்து எவ்வளவு வந்தது என்றும் வரிசைப்படுத்துகிறது. உப்புக் கரிக்காத ரொட்டியும் பிஸ்கட்டும் அந்த வரிசையில் மேலே ஏறி நிற்பதைப் பார்ப்பவர், கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் படிக்காமல் வாங்க மாட்டார்.

சர்க்கரைப் பக்கம் இதற்கு நேர்மாறு. உலக சுகாதார நிறுவனம் வரம்பு விதிப்பது சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கும், தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரைக்கும்தான். மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், அதாவது 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராமுக்குள். முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ளது அதில் சேராது. செயலியோ எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, இரண்டு ஆரஞ்சும் ஒரு குவளைப் பாலும் எடுத்துக்கொண்டவருக்குச் சிவப்பு எச்சரிக்கை தருகிறது. செயற்கை இனிப்பூட்டி கலந்த பானத்துக்குப் பச்சை விழுகிறது. எடைக் கட்டுப்பாட்டுக்கு அத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023இல் பரிந்துரைத்திருந்தும் இந்த நிறம் மாறவில்லை. இந்த எச்சரிக்கையை அமைப்புகளில் அணைத்துவிடலாம் என்பது ஓர் ஆறுதல்.

கட்டணப் பிரிவு வாங்கத் தேவையில்லை. உடலின் நச்சை நீக்கும் பானங்கள் பற்றிய கட்டுரைகளே அதில் மிகுதி. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் கட்டணமின்றிச் செய்கின்றன. அதைவிடக் கவலை தருவது அதன் தனிப்பயன் உணவுத் திட்டம். சிறுநீரக நோய் உண்டா, கருவுற்றிருக்கிறீர்களா, நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறீர்களா என்ற எந்தக் கேள்வியும் இல்லாமல், எடையை மட்டும் வைத்து அதிகப் புரத இலக்கைத் தருகிறது. மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும் என்ற ஒற்றை வரி, பணம் செலுத்திய பின்னர் திறக்கும் விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கிறது.