ரேட் மை புரொஃபசர்ஸ்: நம்பரை விடுங்கள், கமெண்ட்டைப் படியுங்கள்

என் தம்பி இந்த ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டரில் டெக்சாஸில் ஒரு பப்ளிக் யுனிவர்சிட்டியில் சேர்கிறான். போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு 'ரேட் மை புரொஃபசர்ஸ்' என்கிற, மாணவர்களே புரொஃபசர்களுக்கு மதிப்பெண் போடுகிற தளத்திலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. "அக்கா, இந்த ஹிஸ்டரி புரொஃபசருக்கு 4.9 இருக்கு, இவர்கிட்டயே எடுத்துடட்டுமா?" நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை பேர் போட்டிருக்காங்கடா?" ஏழு பேர். அதிலும் நாலு பேர் ஒரே வாரத்தில் எழுதியது.

நானும் அதே மாநிலத்தில்தான் நாலு வருஷம் படித்தேன், ஒவ்வொரு செமஸ்டரும் இந்தத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ரிஜிஸ்டர் செய்தேன். அதனால் அவனுக்குச் சொன்னதையே விரிவாக இங்கே எழுதிவிடுகிறேன், அடுத்து சேரப் போகிறவர்களுக்கும் உதவும்.

தளத்தைப் பற்றி முதலில். 1999இல் வேறொரு பெயரில் தொடங்கி, 2001இல் இப்போதிருக்கும் பெயருக்கு மாறியது. இலவசம், விளம்பரம் வரும். புரொஃபசர் பெயரைத் தேடினால் ஐந்துக்கு ஒரு மதிப்பெண், கடினம் எவ்வளவு என்று ஐந்துக்கு இன்னொரு எண், 'இவரிடம் திரும்பவும் படிப்பீர்களா' என்பதற்கு ஒரு சதவீதம், அப்புறம் 'டஃப் கிரேடர்' (கறாராக மார்க் போடுபவர்), 'கெட் ரெடி டு ரீட்' (நிறைய படிக்க வேண்டும்) மாதிரி சின்னச் சின்ன டேக்குகள், கடைசியில் கமெண்ட்டுகள். முன்பெல்லாம் புரொஃபசர் பார்க்க அழகா என்பதற்கு ஒரு மிளகாய்ப் படம் வேறு இருந்தது. பெண் பேராசிரியர்கள் பலர் கண்டித்த பிறகு 2018இல் அதை எடுத்தார்கள். அது போனது மிகவும் நல்லது. பாடம் நடத்துவதற்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம்?

எந்த டிகிரி என்றாலும் எல்லாரும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்களுக்கு, அதாவது ஜென் எட் அல்லது கோர் பாடங்களுக்கு, இந்தத் தளம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்றால், மேஜர் பாடத்தில் (நம் முதன்மைப் பாடத்தில்) ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க நமக்குப் பெரிதாக வழி கிடையாது, பல நேரம் ஒரே ஒருவர்தான் அந்தப் பாடத்தை எடுப்பார். கோர் பாடங்கள் அப்படியில்லை. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் கோர் மொத்தம் 42 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு). அதில் அமெரிக்க வரலாறு மட்டும் 6, அரசியல் 6, கம்யூனிகேஷன் 6, அறிவியல் 6, கணக்கு 3, கலை 3 என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து செக்‌ஷன், பத்துப் பதினைந்து ஆசிரியர்கள். டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே இதுதான், ஆனால் இதைத்தான் எல்லாரும் 'எது ஈஸி' என்று அஞ்சு நிமிஷத்தில் முடிவு செய்கிறார்கள்.

நானும் அப்படித்தான் ஒருமுறை செய்தேன். கலைப் பிரிவில் 3 கிரெடிட் முடிக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு 4.8, நூற்றுக்கு மேற்பட்ட மதிப்பீடுகள், வரிசையாக எல்லாரும் 'ஈஸி ஏ, ஸ்லைடைப் படித்தால் போதும்' என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியது பொய் இல்லை. ஆனால் மொத்த கிரேடும் இரண்டே பரீட்சையில் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் பாதி. ஹோம்வொர்க் இல்லை, கட்டுரை இல்லை. முதல் பரீட்சை அன்று எனக்கு நல்ல காய்ச்சல், போய் உட்கார்ந்து ஏதோ எழுதிவிட்டு வந்தேன், மதிப்பெண் மோசம். ஈடுகட்ட அந்தக் கோர்ஸில் எதுவுமே இல்லை. கடைசியில் டிராப் செய்தேன், அதாவது பாதியில் விலகினேன். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் 2007 ஃபாலிலோ அதற்குப் பிறகோ முதன்முதலாகச் சேர்ந்தவர்களுக்கு இளங்கலை முழுவதற்கும் ஆறு டிராப்தான், அதில் ஒன்று இப்படிப் போனது. ஃபால், ஸ்பிரிங் செமஸ்டர்களில் பன்னிரண்டாவது வகுப்பு நாளுக்குள் விலகியிருந்தால் கணக்கில் வந்திருக்காது. அந்தத் தேதி அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்.

இரண்டே பரீட்சை என்பது சிலபஸில், அதாவது பாடத்தின் தேர்வுகளையும் விதிகளையும் சொல்லும் திட்டத்தில், முதல் பக்கத்திலேயே இருந்தது. டெக்சாஸில் 2009இல் ஒரு சட்டம் வந்தது, ஹவுஸ் பில் 2504. அரசுக் கல்லூரிகள் ஒவ்வொரு இளங்கலை வகுப்புக்கும் சிலபஸையும் ஆசிரியரின் கல்வி விவரத்தையும் கல்லூரி முகப்புப் பக்கத்திலிருந்து மூன்று கிளிக்குக்குள் கிடைக்கிற மாதிரி இணையத்தில் போட வேண்டும், இரண்டு வருஷத்துக்காவது அங்கேயே வைத்திருக்க வேண்டும். அதாவது, நீங்கள் எடுக்க நினைக்கும் புரொஃபசர் போன வருஷம் எத்தனை தேர்வு வைத்தார், எத்தனை பக்கம் எழுத வைத்தார், லேட்டாகக் கொடுத்தால் எவ்வளவு வெட்டினார் எல்லாம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வேறு மாநிலத்தில் படிக்கிறீர்கள் என்றால் புரொஃபசருக்கே ஒரு மெயில் போட்டு பழைய சிலபஸ் கேளுங்கள். நான் ஒருவரிடம் கேட்டேன், மறுநாளே அனுப்பிவிட்டார்.

சரி, தளத்துக்கு வருவோம். அதன் பெரிய குறை, கமெண்ட் எழுதுகிறவர் உண்மையிலேயே அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்தானா என்று பார்க்க வழியில்லை. ரொம்பப் பிடித்தவர்களும் ரொம்பக் கோபத்தில் இருப்பவர்களும்தான் மெனக்கெட்டு எழுதுவார்கள், நடுவில் இருக்கிற பெரும்பாலானவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. அடுத்தது, மேலே பெரிதாகத் தெரிகிற எண் அவர் எடுத்த எல்லாப் பாடங்களையும் ஒன்றாகக் கலந்த சராசரி. மேஜர் மாணவர்களுக்கு அவர் எடுக்கும் கடினமான பாடமும் முதல் வருஷ கோர் பாடமும் ஒரே குடத்தில். கோர்ஸ் எண்ணை வைத்துப் பிரித்துப் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது, தயவுசெய்து பயன்படுத்துங்கள். தம்பி காட்டிய 4.9ஐ அப்படிப் பிரித்தால் அவன் எடுக்கப்போகும் பாடத்துக்கு இரண்டே கமெண்ட்தான் மிஞ்சியது.

மதிப்பெண்ணையே நம்பலாமா என்று கேட்டால், இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க விமானப்படை அகாடமி மாணவர்களை வைத்து 2010இல் ஒன்று வெளியிட்டார்கள். அங்கே மாணவர் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கிப் போட்ட மாதிரி ஒதுக்கிவிடுவார்கள், அதனால் ஒப்பிடுவது சுத்தமாக இருக்கும். கால்குலஸ் முதல் பாடத்தில் மாணவர்களுக்கு நல்ல மார்க் வரவைத்த ஆசிரியர்களுக்கு மாணவர் மதிப்பீடும் நன்றாக இருந்தது, ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த கணக்குப் பாடங்களில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். இன்னொன்று 2015இல் வந்த சின்ன ஆய்வு, 43 மாணவர்கள்தான். ஆன்லைன் வகுப்பில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு பிரிவைத் தங்கள் பெயரிலும் இன்னொரு பிரிவை மற்றவர் பெயரிலும் நடத்தினார்கள். யார் நடத்தினாலும் ஆண் என்று மாணவர்கள் நினைத்தவருக்கே கூடுதல் மதிப்பெண் விழுந்தது. இதைப் படித்த பிறகு, பெண் புரொஃபசரைப் பற்றி 'ரூட்', 'ஸ்ட்ரிக்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. என்ன செய்தார் என்று எழுதியிருந்தால் மட்டும் படிப்பேன்.

கமெண்ட்டில் எனக்கு வேண்டியது தகவல்தான். அட்டெண்டன்ஸ் எடுப்பாரா, தேர்வு மல்டிபிள் சாய்ஸா எழுதுவதா, ஸ்லைடு போடுவாரா, மெயிலுக்குப் பதில் வருமா. 'பெஸ்ட் புரொஃபசர் எவர்' என்பதில் எனக்கு ஒன்றும் கிடைக்காது. குறை சொல்லி எழுதுகிறவர்களின் கமெண்ட்டில்தான் இந்தத் தகவல்கள் அதிகம் இருக்கும், அவர்களுக்கு எரிச்சல் தந்தது உங்களுக்கும் எரிச்சல் தருமா என்று யோசித்தால் போதும்.

எனக்கு இரண்டாவது காம்போசிஷன் (கட்டுரை எழுதப் பழக்கும்) கோர்ஸ் எடுத்தவருக்கு 3.1, கடினம் 4.4. திட்டியவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தார்கள்: ஒரே கட்டுரையை மூன்று முறை திருப்பி எழுத வைக்கிறார். டேக்குகளில் 'டஃப் கிரேடர்' பக்கத்திலேயே 'கிவ்ஸ் குட் ஃபீட்பேக்'கும் (நல்ல திருத்தங்கள் சொல்வார்) இருந்தது. வேறு செக்‌ஷன் எல்லாம் நிரம்பிவிட்டதால் பயந்துகொண்டேதான் சேர்ந்தேன். மூன்றாவது வாரம் ஆபீஸ் ஹவர்ஸுக்கு, அதாவது மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கிய நேரத்துக்கு, போனேன். ஒரு சட்டத்தைப் பற்றிய என் கட்டுரையில் 'முடிவு செய்யப்பட்டது' என்று முடிகிற ஒரு வாக்கியத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, "யார் முடிவு செய்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரிந்துகொண்டு வா, அப்புறம் மற்றதைப் பேசலாம்" என்றார். நூலகத்துக்குப் போய்த் தேடி, அந்தச் சட்டத்தை எந்தக் குழு, எந்த வருஷம் கொண்டுவந்தது என்று கண்டுபிடித்து எழுதினேன். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மணி நேரம். அந்தக் கோர்ஸில் எனக்கு பி பிளஸ்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு லேப் ரிப்போர்ட்டிலும் அந்தப் பென்சில் வட்டம் கண்ணில் தெரிந்தது.

அதற்காக எல்லாக் கோர்ஸுக்கும் கறாரான ஆளைத் தேடிப் போகச் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரியும் கால்குலஸும் சேர்ந்து வருகிற செமஸ்டரில் ஒரு லேசான கோர் பாடம் மிகவும் அவசியம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்காலர்ஷிப்புக்கு ஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) காக்க வேண்டியவர்களுக்கு இன்னும் அவசியம். எழுதுவது, பேசுவது, புள்ளியியல் மாதிரி பின்னால் தினமும் கைகொடுக்கிற பாடங்களுக்கு மட்டுமாவது நல்லபடி சொல்லிக்கொடுக்கிறவரைத் தேடுங்கள் என்கிறேன்.

தளத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. தம்பி அந்த 4.9ஐ விட்டுவிட்டு இன்னும் மூன்று பேரின் சிலபஸை இறக்கி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறான், நேற்று ஒரு சந்தேகம் கேட்டுப் போன் வேறு செய்தான். நான் நேற்று உட்கார்ந்து, எனக்குப் பாடம் எடுத்த புரொஃபசர்களில் ஐந்து பேருக்கு கோர்ஸ் எண், தேர்வு எத்தனை, கட்டுரை எத்தனை என்று விவரமாகக் கமெண்ட் எழுதினேன். காம்போசிஷன் புரொஃபசருக்கு 5 போட்டேன், கடினத்துக்கு 4. மூன்று முறை திருப்பி எழுத வைப்பார் என்பதையும் எழுதியிருக்கிறேன், அந்தப் பென்சில் வட்டத்தையும் எழுதியிருக்கிறேன்.