கூலிங் டவர் பாசிக்கு மருந்து வாங்கறவங்க இதைப் படிச்சுப்போட்டு வாங்குங்க

80,535 ரூபா. இதை டைப் பண்றப்பவே கை நடுங்குதுங்க. நேத்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் மோல்டு லைனை (அச்சு சூடு ஆறத் தண்ணி ஓடற வழி) கழட்டி ஏர் வச்சு ஊதிட்டு இருந்தேன். நகக்கண்ணுல இன்னும் பச்சை போகலை. கோவத்துல எழுதறேன், முன்னப் பின்ன இருந்தாப் பொறுத்துக்குங்க.

சூலூர் பக்கம் சின்னதா ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் வச்சிருக்கேன். ஏழு மெஷின், மெஷின்ல சூடேறி வர்ற தண்ணியை ஆத்தறதுக்கு நூறு டன் பாட்டில் டைப் கூலிங் டவர் ஒண்ணு, பக்கத்துல மூடியில்லாத பன்னெண்டாயிரம் லிட்டர் தொட்டி. போர் தண்ணிதான். டிடிஎஸ், அதான் கரைஞ்ச உப்பு அளவு, 1,800-க்குக் கீழ எறங்கினதில்லை. சிவராத்திரி முடிஞ்சு வெயில் ஏறிட்டாப் போதும், வெதுவெதுன்னு தண்ணி, மேல பளீர்னு வெளிச்சம், பாசிக்கு வேற என்ன வேணும்? ஸ்பிரிங்க்ளர் ஓட்டையெல்லாம் அடைச்சு அது சுத்தறதே நின்னுபோகும். டவருக்குள்ள தண்ணி வழிஞ்சு ஆறற பிளாஸ்டிக் அடுக்கு, ஃபில்ஸும்பாங்க, அது மேல பச்சைக் கம்பளி போர்த்துன மாதிரி படிஞ்சிருக்கும். ஸ்ட்ரெய்னரை, அதான் தண்ணி வடிகட்டியை, ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழட்டணும். மெஷின்ல ஆயில் சூடு 55 தாண்டி அலாரம் அடிக்கும், பையன் ஓடி வருவான்.

மூணு வருசமா பிளீச்சிங் பவுடரைக் கொட்டி ஓட்டிட்டு இருந்தேன். இந்த வருசம் உருப்படியா ஒண்ணு பண்ணலாம்னு நெனச்சதுதான் தப்பாப்போச்சு.

மெஷினு, கெமிக்கலு எல்லாம் மொத்த விலைக்கு விக்கிற ஒரு ஆப் இருக்குதுங்க. பேர் சொல்லலை. அதுல "கூலிங் டவர் பாசி மருந்து"ன்னு தேடுனேன். தேடி அஞ்சு நிமிசம் ஆகலை, போன் வந்துருச்சு. நான் நம்புனது இந்த எடத்துலதான், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். இந்திக்காரன் பேசுவான்னு நெனச்சு எடுத்தா, அக்மார்க் நம்ம ஊருப் பேச்சு. "அண்ணா வணக்கமுங்க, நானும் பல்லடத்துக்காரன்தானுங்க. எங்கய்யன் தறி ஓட்டுனவருங்க. உங்களை ஏமாத்திப்போட்டு நான் எங்கீங்க போறது?" அப்படீன்னான். ஆப்புல அவன் பேருக்குப் பக்கத்துல பச்சை டிக் வேற. விலையை அவன் முதல்ல பேசவே இல்லீங்க. தண்ணி எத்தனை லிட்டரு, பிஎச் எவ்வளவு, மோல்டு லைன் எத்தனை எம்எம்முன்னு கேட்டான். இத்தனை கேக்கறவன் விவரமானவனாத்தான் இருப்பான்னு மனசு சொல்லுச்சு.

ஒரு லிட்டர் சாம்பிள் பஸ் பார்சல்ல வந்துது. தண்ணி மாதிரி பதம், லேசான மஞ்சள் நிறம், மூடியைத் தொறந்தா மூக்கு எரியுற நெடி. ஒரு டிரம்முல பச்சைத் தண்ணியைப் புடிச்சு ஊத்திப் பார்த்தேன். மூணே நாள், பாசி வெளுத்து அடியில தங்கிருச்சு. சாம்பிள் நெசமான சரக்குங்க. அதை ஒத்துக்கறேன்.

கிலோ 390, குறைஞ்சது அஞ்சு கேன் எடுக்கணும், கேன் 35 கிலோ. 68,250. ஜிஎஸ்டி 12,285. மொத்தம் 80,535. முன்பணம் 40,000 போட்டேன், எல்ஆர் காப்பி (சரக்கு ஏத்துனதுக்கு லாரி ஆபீஸ் ரசீது) வாட்ஸப்புல வந்ததும் மீதி 40,535. சரக்கைக் கண்ணுல பாக்கறதுக்கு முன்னாடியே முழுப் பணமும் போயிருச்சு. ஊட்டுல கேட்டா "சாம்பிள்தான் பார்த்தோமில்ல"ன்னு பெருமையா வேற சொன்னேன்.

கேன் வந்துது. தொறந்தா வெளிர் நீலம். நெடியே இல்லை. போன் போட்டேன். "அண்ணா, அது புது பேட்சுங்க, கலர் சேர்த்திருக்கறாங்க, ஒண்ணும் ஆகாதுங்க." சரீன்னு வாரம் மூணு கிலோ ஊத்துனோம்.

மொத ரெண்டு வாரம் பாசி செத்துதுங்க, இல்லேங்கலை. மூணாவது வாரம்தான் கூத்து. செத்த பாசியெல்லாம் பாளம் பாளமாப் பேந்து வந்து ஸ்ட்ரெய்னரைத் தாண்டி 8 எம்எம் லைன்ல போய் அடைச்சிருச்சு. ஒரே ராத்திரியில நாலு மோல்டு. ஒரு தடவை அடிச்சு எடுக்கற சைக்கிள் டைம் 28 செகண்டுல இருந்து 41-க்குப் போச்சு, பீஸெல்லாம் கோணல். அதுக்கு மேல, மீந்த பாசி மறுபடியும் பச்சை கட்ட ஆரம்பிச்சிருச்சு.

போன் போட்டா, "உங்க தண்ணி சரியில்லீங்கண்ணா, டோஸை டபுள் பண்ணுங்க." அடுத்த நாள், "டெக்னிக்கல் சார் மீட்டிங்ல இருக்கறாருங்க." அதுக்கடுத்த நாள், "சித்தெ இருங்க, நானே கூப்புடறேன்." அப்புறம் ரிங் போகும், எடுக்க மாட்டான். இப்ப ரிங்கே போறதில்லை. ஆப்புல புகார் போட்டேன். "விற்பனையாளர் பதில் அளித்துவிட்டதால் புகார் முடிக்கப்பட்டது"ன்னு ஒரு மெசேஜ். அவன் என்ன பதில் அளிச்சான்னு கேட்டா மெஷின் பேசுது. மனுசன் குரல் கேக்க நாலு நாளாச்சு. அந்தம்மா சொல்லுச்சு, டெலிவரியாகி ஏழு நாள் தாண்டிருச்சாம். சார், பாசி ஏழு நாள்ல திரும்பி வருமா? வக்கீலா இருக்கற ஒரு மாப்ளைகிட்டக் கேட்டா, தொழிலுக்கு வாங்குனதுக்கு நுகர்வோர் கோர்ட்டுல சுலபமா நிக்காதுன்னு கையை விரிக்கறான்.

அது என்ன மருந்துன்னு கண்டுபுடிச்சது எங்க பெரியப்பாதான். மில்லுல காத்துக்கு ஈரப்பதம் குடுக்கற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பார்த்து ரிட்டயர் ஆனவரு. கேனைத் தொறந்து பார்த்துப்போட்டு ஒரு ஆக்ஸா பிளேடு கேட்டாரு. பெயின்ட் போக எமரில தேச்சு அதுல முக்குனாரு. வெளிய எடுத்தா முக்குன வரைக்கும் செக்கச் செவேல்னு செம்பு. "கண்ணு, இது மயில்துத்தம்டா. தென்னையில குருத்தழுகலுக்கு சுண்ணாம்போட கலந்து போர்டோ பசை தடவுவோமே, அந்தத் துத்தம்தான். கிலோ 390 குடுத்தியா?" நான் என்னத்தைச் சொல்றது.

துத்தம்னா காப்பர் சல்ஃபேட்டுங்க, பாசியைக் கொல்லும்தான். ஆனா நம்ம மாதிரி உப்புத் தண்ணி, பிஎச் 8-க்கு மேல நிக்கிற எடத்துல செம்பு நிக்காம அடியில படிஞ்சுபோகும்னாரு. அதனாலதான் மறுபடியும் பச்சை. மீதிச் செம்பு இரும்புப் பைப்புலயும் மோல்டுலயும் ஒட்டிக்கும், ஒட்டுன எடத்துல குழி விழும். மோல்டு என்னோடது இல்லீங்க, கஸ்டமரோடது! நாளைக்கு ஒரு லைன் ஓட்டை விழுந்தா 80,535 எல்லாம் சில்லறைக் காசு.

சித்திரை ஒண்ணாந்தேதி கனியெல்லாம் பார்த்துப்போட்டு உக்காந்தா, அக்கவுன்ட்ஸ் பார்க்கற தங்கச்சி போன் பண்ணுது. "அண்ணா, 2பி வந்துருச்சு, அந்த பில்லு அதுல இல்லீங்க." 2பின்னா, நமக்கு வித்தவங்க காட்டுன பில்லெல்லாம் வர்ற ஜிஎஸ்டி லிஸ்ட்டு. கட்டுன 12,285-ஐயும் அவன் அரசாங்கத்துக்குக் காட்டலை. வருசப் பொறப்பு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நெனச்சுக்குங்க.

இப்ப நாலரை கேன் மூலையில நிக்குது. சாக்கடையில ஊத்துன்னு ஒருத்தன் யோசனை சொல்றான். சாக்கடை எங்க போகுது? நொய்யலுக்குத்தான். சாயத் தண்ணி விட்டு அந்த ஆத்தை என்ன பண்ணுனோம், 2011-ல ஹைகோர்ட்டு பட்டறைகளை மூடச் சொல்ற வரைக்கும் போச்சு. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு வேண்டாம். கேன் அங்கயே நிக்கட்டும்.

என்ன பண்ணணும்னு வெவரமா எழுதறேன்னு குரூப்புல சொல்லியிருந்தேன். மெஷின் நிக்குது, நேரமில்லை. சாம்பிளைப் பார்த்துப் பணம் போடாதீங்க, வந்த கேனைத் தொறந்து சாம்பிளோட வச்சுப் பார்த்துப்போட்டு மீதியைக் குடுங்க. நீலமா இருந்தா பிளேடு முக்கிப் பாருங்க, அஞ்சு ரூபா செலவு. ஜிஎஸ்டி நம்பரை போர்ட்டல்ல போட்டுப் பாருங்க. தொட்டிக்கு முதல்ல ஒரு ஷீட்டைப் போட்டு வெயிலை மறைங்க, பெரியப்பா சொன்னது அதான் முதல் மருந்து. குளோரின் ஊத்தறதா இருந்தா பொழுதெறங்கி ஊத்துங்க, வெயில்ல வீணாப்போகும். பிஎச் ஏறிக் கெடந்தா அதுக்கும் வேகம் இருக்காது, புரோமின் சரக்கு கேளுங்க. ப்ளோ டவுன் (உப்பேறுன தண்ணியைக் கொஞ்சம் வெளிய விடறது) விடாம எந்த மருந்து ஊத்தியும் பிரயோஜனமில்லை, அதை நான் விடாம இருந்தது என் தப்பு. வேற ஞாபகம் வந்தா எழுதறேன்.

காலையில அதே ஆப்பைத் தொறந்தேன். அதே கேன் போட்டோ, என் ஷெட்டுல நிக்குதே அதே நீல மூடி, பேரு மட்டும் வேற. பச்சை டிக் இருக்குது. கிலோ 360-ஆம்.