அத்தைக்கு எந்த அட்டை: முதலமைச்சர் காப்பீடா, எழுபது வயது அட்டையா?

அத்தைக்கு வயது 73. கல்யாணமான வருஷத்தை வைத்து நாங்கள் போட்ட கணக்கு இது. ஆதாரில் 66. முகாமில் பதிந்தவர் ஆளைப் பார்த்து ஏதோ ஒரு வருஷத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு முட்டியும் தேய்ந்து, மூட்டு மாற்று செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அந்த ஏழு வருஷத்தின் விலை தெரிந்தது.

எழுபது வயதானவர்களுக்கு மத்திய அரசு தரும் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமானம் பார்ப்பதில்லை. 2024 அக்டோபர் 29-ல் தொடங்கிய திட்டம். ஏழையா, பங்களா வீட்டுக்காரரா என்று கேள்வியே கிடையாது. வயது மட்டும்தான், அதுவும் ஆதாரில் உள்ள வயது. வேறு எந்தக் காகிதத்தை நீட்டினாலும் எடுபடாது. ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்தச் சான்று கேட்கிறார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் டி.சி.க்கு எங்கே போவார்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் கதை தலைகீழ். 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுக்குப் பதிலாக 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018-ல் ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய அரசின் காப்பீடான ஆயுஷ்மான் பாரத்தோடு இணைத்தார்கள். இங்கே வயது ஒரு பொருட்டில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் (முன்பு 72,000-ஆக இருந்தது). ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, இவைதான் தேவை.

சிக்கல் ‘குடும்ப’ என்ற சொல்லில் இருக்கிறது. அப்பா, அம்மா பெயர் மகனின் ரேஷன் கார்டில் இருந்தால் மகன் சம்பளமும் கணக்கில் வரும். மாதம் 15,000 வாங்கும் மகன் என்றாலே வருஷத்துக்கு 1,80,000 ஆகிவிடுகிறது. மகன் வீட்டில் ஒரு வேளைச் சோறு கிடைக்கிறதோ இல்லையோ, அவன் சம்பளத்தால் காப்பீடு மட்டும் போய்விடும். இப்படிப்பட்டவர்களுக்கு எழுபது வயது அட்டைதான் கைகொடுக்கும். அத்தை விதவை, தனி கார்டு. அதனால் மாநில அட்டை சுலபமாகக் கிடைத்தது.

தொகை இரண்டிலும் வருஷத்துக்கு 5 லட்சம். ஆனால் மாநில அட்டையில் அது வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொது. பேரன் பைக்கில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாலும், தாத்தாவுக்கு ஸ்டென்ட் வைத்தாலும் அதே உண்டியல்தான். வய வந்தனாவில் எழுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் தனி உண்டியல். கணவன், மனைவி இருவருமே எழுபதைக் கடந்திருந்தால் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத்தில் இருந்தாலும் பெரியவர்களுக்கு இந்த 5 லட்சம் கூடுதலாக வரும். இந்த ஒரு விஷயத்தில் மத்திய அட்டைக்கே என் ஓட்டு. பெங்களூரில் மகளோடு இருக்கும் பெற்றோருக்கும் அதுதான் தோது. மாநிலம் தாண்டிப் பயன்படும்படி அமைத்த திட்டம்.

சர்க்கரை, பிரஷர் ஏற்கெனவே இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். தனியார் பாலிசிபோல மூன்று வருஷம் காத்திருக்கச் சொல்வது இரண்டிலும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. மத்திய அட்டை என்றாலும் மாநிலங்கள் வழியாகத்தான் நடக்கிறது. கையில் அட்டை இருக்கிறது என்று நேராக அட்மிஷனுக்குப் போகாதீர்கள். மருத்துவமனையில் காப்பீட்டு மேசை இருக்கும். ‘எழுபது வயது அட்டைக்கு இங்கே ஒப்புதல் வாங்கித் தருவீர்களா, இந்த ஆபரேஷனுக்கு உண்டா?’ என்று முதலில் கேளுங்கள். மாநில அட்டைக்கும் இதே கேள்விதான். ஒரு மருத்துவமனை காப்பீட்டுப் பட்டியலில் இருந்தாலும், எல்லாச் சிகிச்சைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கைரேகை விழாத பெரியவர்களுக்கு ஆயுஷ்மான் செயலியில் முகத்தைக் காட்டிப் பதியும் வசதி உண்டு. நாற்று நட்டுத் தேய்ந்த விரல்களுக்கு அது பெரிய உபகாரம்.

இரண்டுமே கைவிடும் இடம் மாத்திரைச் செலவு. பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் காப்பீடு, ஓ.பி. சீட்டுக்கும் மாதாந்திர மாத்திரைக்கும் கிடையாது. ஆஸ்பத்திரியில் படுப்பது எப்போதோ, மாத்திரை தினமும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம்தான் கதி. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதில் பெயர் பதியாமல் அட்டைக்கு மட்டும் அலைபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அத்தைக்கு வலது முட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முடிந்தது. அங்கே இலவசம்தானே, அட்டை எதற்கு என்று கேட்டேன். அட்டை இருந்தால் காப்பீட்டுப் பணம் மருத்துவமனைக்கு வரும், எடுத்து வாருங்கள் என்றார்கள். கட்டணம் ஒரு ரூபாய் இல்லை. பிசியோதெரபிக்குப் போய்வந்த ஆட்டோ செலவு மட்டும் எங்கள் கையிலிருந்து போனது. இடது முட்டி இன்னும் பாக்கி.